ஒரே ஸ்டாஃப் ரூம், இரண்டு சம்பளம்

பரீட்சை முடிந்து, ரெக்கார்டு நோட்டுகளையெல்லாம் கட்டி ஒப்படைத்தாயிற்று. பி.எட். என்பது பாதி படிப்பு, பாதி சார்ட் ஒட்டும் வேலை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இனி கொஞ்ச நாள் சினிமா, சாப்பாடு என்று வேறு எதையாவது எழுதலாம் என உட்கார்ந்தால், வருவதென்னவோ பள்ளிக்கூடம்தான். பொறுத்தருள்க.

போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. தோழி ஒருத்தியின் அக்கா அமெரிக்காவில் ஏதோ ஒரு சார்ட்டர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறாராம். பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனியார் கையில், மேலிடத்துத் தொந்தரவு குறைவு, ஆசிரியர் தன் யோசனைப்படி பாடம் நடத்தலாம். "இந்த மாதிரி நம்ம ஊருக்கும் வந்தா எப்படியிருக்கும்!" என்று அவள் எழுத, வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அம்மா தாயே, நாம நாலு மாசம் டீச்சிங் பிராக்டிஸுக்குப் போனோமே, அது என்ன பள்ளிக்கூடம்னு நினைச்சே?" என்று கேட்டு வைத்தேன். அதிலிருந்து ஆரம்பித்தது. அங்கே முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சார்ட்டர் பள்ளி பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1991-ல் இதற்கான முதல் சட்டத்தைப் போட்டது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. பள்ளி நடத்த விரும்பும் குழு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும்; அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் சார்ட்டர். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்களோ அதற்கேற்பப் பொதுப்பணம் வரும். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சொன்னபடி நடத்தாவிட்டால் ஒப்பந்தம் போச்சு. இதில் சுவாரசியம், 1988-ல் இந்த யோசனையை நாடறியப் பேசியவர் முதலாளி யாரும் இல்லை, ஆல்பர்ட் ஷங்கர் என்ற ஆசிரியர் சங்கத் தலைவர். ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து புது முறைகளைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை. பிறகு லாபக் கம்பெனிகள் உள்ளே வருவதைப் பார்த்துவிட்டு அவரே எதிராகப் பேச ஆரம்பித்தார் என்பது தனிக்கதை.

அதற்காக எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று 2023-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக வருடத்துக்கு வாசிப்பில் 16 நாள் பாடத்துக்குச் சமமாகவும், கணக்கில் 6 நாளுக்குச் சமமாகவும் முன்னால் இருக்கிறார்கள் என்று வந்தது. நம்ம ஊர் மழை லீவிலேயே அதில் பாதி போய்விடும் என்றாலும் :-), முன்னால் என்றால் முன்னால்தான்.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். பணம் அரசு, நிர்வாகம் தனியார் என்ற யோசனை நமக்குப் புதுசே இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1854-ன் உட் அறிக்கைக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் முறை வந்தது. நம்ம ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால் இங்கே பாதை வேறு. குளூனி கன்னியர் 1827-லேயே கப்பலேறி வந்துவிட்டார்கள். பெத்தி செமினார் 1844-ல் ஆரம்பித்தது. மிஷன் வீதியில் நிற்கிறதே கல்வே காலேஜ், அது 1877-ல் கல்வே சுப்பராயச் செட்டியார் என்ற தனி மனிதர் ஆரம்பித்து வைத்தது. பின்னால் அரசாங்கத்தின் கைக்குப் போய் இன்றைக்கு அரசுப் பள்ளி. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்த பிறகு, இந்தியா முழுக்க இருக்கிற 'அரசு உதவி பெறும் பள்ளி' என்ற ஏற்பாடு இங்கேயும் நிலைத்துவிட்டது. கட்டடம் அவர்களுடையது, ஆளை எடுப்பது அவர்கள், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் கஜானாவிலிருந்து. பேச்சு வழக்கில் எய்டட் ஸ்கூல்.

சார்ட்டருக்கும் எய்டடுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதில்தான் எல்லாமே இருக்கிறது. அங்கே பணம் பிள்ளையின் தலைக்கு வருகிறது. இங்கே பணம் பணியிடத்துக்கு வருகிறது. பணியிடத்தில் இருப்பவர் ரிடையர் ஆகி, அந்த இடத்தை நிரப்ப அனுமதி வராவிட்டால், பணமும் வராது. ஆனால் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள், பீரியடுக்கு மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். அப்போது நிர்வாகம் தன் கையிலிருந்து ஓர் ஆளைப் போடும். அவருக்குப் பெயர் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்.

(டிஸ்கி: நான் போன பள்ளியின் பெயரைக் கேட்டு யாரும் மெயில் போடாதீர்கள். சொல்லமாட்டேன். எங்கள் வகுப்பில் ஆறு பேர் ஆறு பள்ளிகளுக்குப் போனோம், கதை ஏறக்குறைய ஒன்றுதான்.)

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு நீள மேசை. ஜன்னல் பக்கம் எய்டட், கதவுப் பக்கம் மேனேஜ்மென்ட். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, அதுவாக அமைந்துவிட்டது. கையெழுத்துப் போட இரண்டு வருகைப் பதிவேடு. ஒன்று நீல அட்டை, ஒன்று சாதா லாங் சைஸ் நோட்டு. முதல் நாள் நான் தெரியாமல் நீல அட்டையைத் திறந்துவிட்டு, ஆபீஸ் அண்ணனிடம் திட்டு வாங்கினேன். பயிற்சி மாணவிக்கு இரண்டுமே கிடையாது, தனித் தாள்!

ஜன்னல் பக்கத்தில் ஓர் ஆங்கில சார். 29 வருட சர்வீஸ். நல்ல மனிதர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையெழுத்தையெல்லாம் அவர்தான் திருத்தி வைத்திருக்கிறார். கதவுப் பக்கத்தில் ஓர் ஆங்கில மிஸ். எம்.ஏ., பி.எட்., ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் அவர் பொறுப்பு. இருவருக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை பீரியட். திருத்துகிற நோட்டுகளின் உயரமும் ஒன்றுதான். மத்திய அரசின் விகிதத்தில் பட்டதாரி ஆசிரியருக்கு லெவல் 7, ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். எய்டட் சார் அதையொட்டி, கொஞ்சம் முன்னே பின்னே, பாக்கி, தாமதம் எல்லாவற்றோடும் வாங்குகிறார். மிஸ் வாங்குவது மாதம் 12,000. அதுவும் பத்து மாதம். ஏப்ரல் கடைசி வேலை நாளோடு கணக்கு முடிந்துவிடும். ஜூனில் கூப்பிட்டால் வரவேண்டும்.

இதைச் சொன்னதும் குழுவில் ஒருத்தன், "அப்போ எய்டட் சார் கொழுத்த சம்பளம் வாங்குறாருன்னு சொல்றியா?" என்று ஆரம்பித்தான். இல்லவே இல்லை. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் சம்பளம் மாதக்கணக்கில் வராமல் தெருவில் இறங்கியதும் இதே ஊரில் நடந்ததுதான். அவர் வாங்குவது ஓர் ஆசிரியருக்கு நியாயமான சம்பளம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அது இல்லை என்பதுதான் என் வழக்கு. அவரே ஒருநாள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் இன்னும் ரெண்டு வருஷம்மா. எனக்கப்புறம் இந்த போஸ்ட் நிரம்பும்னு நினைக்கிறியா? அதோட சரி. அப்புறம் இந்த மேசையில ஜன்னல் பக்கமே இருக்காது."

மிஸ் என்ன செய்வார் என்பதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். தினமும் பீரியடின் முதல் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறக்கமாட்டார். பெஞ்ச் வரிசைப்படி எட்டுப் பத்துப் பிள்ளைகள் எழுந்து, நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். தப்பாக இருந்தால் பரவாயில்லை, சிரித்தால்தான் தண்டனை. வம்பாகீரப்பாளையத்துப் பையன் ஒருவன் எழுந்து, "எஸ்டர்டே மை ஃபாதர் நெட் கட் மிஸ்" என்றான். அவர் திருத்தவே இல்லை. "ஓ, ஹவ்?" என்று கேட்டார். அவன் கையால் படகு, பாறை எல்லாம் வரைந்து காட்டி, இன்னும் மூன்று சொல் சேர்த்தான். பிறகு அவர் போர்டில் சரியான வாக்கியத்தைப் பேசாமல் எழுதிப் போட்டார். எல்லோரும் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டுக்குப் பெயர் 'ஒன் லைன் நோட்'. யாருடைய தப்பு என்று பெயர் இருக்காது. வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் வகுப்பு முழுவதன் வீட்டுக்கதைகளும் சரியான ஆங்கிலத்தில் இருக்கும்.

இதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, சுற்றறிக்கையும் வரவில்லை. தலைமை ஆசிரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, செய்ங்க" என்று போய்விட்டார். ஷங்கர் ஆசைப்பட்ட சுதந்திரம் இதுதானே? தனியார் நிர்வாகத்தின் நல்ல பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை எந்தத் தெரு, அப்பா இன்னும் குடிக்கிறாரா, ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடின பிறகு தாத்தா என்ன செய்கிறார் என்பதெல்லாம் ஆபீஸ் அண்ணன் வரைக்கும் தெரியும்.

நவம்பரில் ஒருநாள் மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பயிற்சி மாணவர்கள் பத்தாம் வகுப்பைத் தொடக் கூடாது என்பது பள்ளிக்கூடங்களின் எழுதாத சட்டம், ரிசல்ட் முக்கியம். ஆனாலும் சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பாடம் ஆறாவது யூனிட், 'தி லாஸ்ட் லெசன்'. அல்போன்ஸ் தோதே எழுதிய பிரெஞ்சுக் கதையின் ஆங்கில வடிவம். (அரசுப் பள்ளிகள் 2023-24-ல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கிவிட்டன. இந்தப் பள்ளி தமிழ்நாட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் இதே கதை சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பிலும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாது.)

கதை தெரியாதவர்களுக்கு: 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் பகுதி ஜெர்மானியர் கைக்குப் போகிறது. இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிறது. இலக்கணம் படிக்காமல் பயந்துகொண்டே லேட்டாக வரும் ஒரு பையன், வாத்தியார் நல்ல உடை உடுத்தி, திட்டாமல், ஊர்ப் பெரியவர்களைப் பின்பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு கடைசிப் பாடம் நடத்துவதைப் பார்க்கிறான். அந்த வாத்தியார் அதே பள்ளியில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். மறுநாள் ஊரைவிட்டே போக வேண்டும்.

'நாற்பது வருடம்' என்று போர்டில் எழுதும்போது எனக்குக் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அங்கே இருந்தவருக்கு அது மூன்றாவது வருடம். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரே வருடம், அதற்கு முன்னால் இருந்தவர் அரைப்பரீட்சையோடு வேறு வேலை கிடைத்துப் போனவர். இந்தப் பள்ளியில் கடைசிப் பாடம் நடத்த எந்தப் படையும் வரவேண்டியதில்லை. வருடா வருடம் ஏப்ரல் வந்தால் போதும்.

பாடத்தை முடித்துவிட்டு, ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். முத்தியால்பேட்டைப் பெண் ஒருத்தி, "மிஸ், நம்ம ஊர்ல பிரெஞ்சு போய் இங்கிலீஷ் வந்தப்போ இப்படி யாராவது அழுதாங்களா?" என்றாள். நல்ல கேள்வி. நம்ம ஊரில் யாரும் உத்தரவு போட்டுப் பிரெஞ்சை நிறுத்தவில்லை. 1956 ஒப்பந்தத்தில் மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை அது ஆட்சிமொழியாகத் தொடரும் என்றுதான் எழுதினார்கள், லிசே இன்னும் நடக்கிறது, ஆங்கிலம் வேலையைத் தேடிக்கொண்டு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்தா வீட்டுப் பையன் ஒருவன், தன் தாத்தா ஜூலை 14-க்கு மெடல் குத்திக்கொண்டு போவதைச் சொல்ல, வகுப்பு கொஞ்ச நேரம் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தது.

அப்போதுதான் அந்த வலை கிழிந்த பையன் கையைத் தூக்கினான். "மிஸ், அந்த சாருக்கு அடுத்த மாசத்துலேர்ந்து சம்பளம் யாரு குடுப்பா?"

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் மிஸ்ஸும், தொண்டை கட்டின குரலில், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கைடில் தேடிப் பார்த்தேன், இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

இதைக் குழுவில் சொன்னதும், "எந்த சப்ஜெக்ட்டா இருந்தாலும் இதே கஷ்டம்தானே, இங்கிலீஷுக்கு மட்டும் என்ன தனியா?" என்று கேட்டார்கள். கஷ்டம் ஒன்றுதான், நஷ்டம் வேறு என்று நினைக்கிறேன். கணக்கு வாத்தியார் மாறினாலும் பைதாகரஸ் தேற்றம் புத்தகத்தில் அப்படியே இருக்கும். வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் புழங்காத பிள்ளைக்கு ஆங்கிலம் புத்தகத்தில் இல்லை, ஒரு மனிதர் முன்னால் தப்பாகப் பேசலாம் என்ற தைரியத்தில் இருக்கிறது. அந்தத் தைரியம் வர ஒரு வருடம் ஆகிறது. அந்த மனிதர் போய்விட்டால் பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்கிறது. புதிதாக வருபவர் முதல் மூன்று மாதம் 'இந்தப் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியலை' என்பார், பிறகு எஸ்ஸேயை மனப்பாடம் செய்யச் சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஏப்ரலுக்குள் ரிசல்ட் காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றிய பழைய புகார்களில் ஒன்று, ஆசிரியர்கள் நிலைப்பதில்லை என்பதுதான்.

நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். காலியான இடத்துக்கு அரசாங்கம் காசு தராது, ஏழைப் பிள்ளைகளிடம் நிறையக் கட்டணம் வாங்கவும் முடியாது. பிறகு 12,000-தான் வரும். அரசாங்கத்தைத் திட்டுவது அதைவிடச் சுலபம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: ஆசிரியர் ரிடையர் ஆன இடத்தை ஒரு கல்வியாண்டுக்குள் நிரப்ப அனுமதி கொடுங்கள். முடியாதென்றால், அந்தப் பணத்தைப் பிள்ளைகள் எண்ணிக்கைக்கு ஏற்ப பள்ளிக்கே கொடுத்து, சம்பளத்தைத் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது என்று கணக்குக் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சார்ட்டர்காரர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். நிர்வாகம் தன் பங்குக்கு, பன்னிரண்டு மாதச் சம்பளமும் ஒரு நியமன உத்தரவும் கொடுக்கட்டும். மே மாதம் பிள்ளைகளுக்குத்தான் லீவு, வயிற்றுக்கு இல்லையே.

என் தோழி கடைசியாக எழுதினாள்: "இவ்வளவு கேட்டா ஸ்கூலையே மூடிடுவாங்கடி." இருக்கலாம். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, அதனால் அன்றைக்குச் சண்டை அதோடு நின்றது.

ஏப்ரல் கடைசி வேலை நாளில் மிஸ்ஸிடம் வாங்கியிருந்த ரென் அண்ட் மார்ட்டினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். சாவியை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டுமாம். பத்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகள் விட்டுச்சென்ற ஒன் லைன் நோட்டுகளை இரண்டு கட்டைப்பையில் அடுக்கினார். அடுத்து யார் வருவார்களோ, பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஸ்கூட்டி முன்னால் வைத்து வீட்டுக்கே எடுத்துப் போகிறார். "ஜூன்ல கூப்பிட்டா திருப்பி எடுத்துட்டு வரேன். இல்லேன்னா என் பொண்ணு படிப்பா" என்றார்.

நானும் கிளம்பினேன். ஆபீஸ் வாசலில் அண்ணன் கூப்பிட்டார். "மிஸ், உங்க பயோடேட்டா ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. ஜூன்ல ஒரு இங்கிலீஷ் போஸ்ட் வரும்போல இருக்கு." கையில் ஒரு ஃபாரமும் கொடுத்தார். எந்த போஸ்ட் என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதும்போது அந்த ஃபாரம் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர், வயது, படிப்பு எல்லாம் பூர்த்தி செய்துவிட்டேன். 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.